ரெண்டரை மினிமைஸ் செய்யாதீர்கள்: எல்லையோர ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாறசாலை, இஞ்சிவிளை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, மலைப்பக்கம் வெள்ளறடை, பனச்சமூடு வரைக்கும் கல்யாண வீடியோவும் ஆல்பமும் செய்து பிழைக்கிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், அவர்களுக்கு லேப்டாப்பும் பிசியும் விற்கிற கடைக்காரர்களுக்கும் இந்த மடல்.

ஆவணி பிறந்துவிட்டால் உங்களைக் கையில் பிடிக்க முடியாது. பெண் வீடு இந்தப் பக்கம், மாப்பிள்ளை வீடு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். காலையில் இங்கே ஆடிட்டோரியத்தில் தாலிகட்டு, சாயங்காலம் மார்த்தாண்டத்தில் ரிசப்ஷன். டைட்டில் இரண்டு மொழியில் வேண்டும், ஹைலைட்ஸ் அதற்குள் வாட்ஸ்அப்பில் வந்தாக வேண்டும். இந்த அவசரத்துக்கு நடுவில் உங்களுக்குள் ஒரு வைத்தியம் கைமாறிக்கொண்டிருக்கிறது: "புது இன்டெல்லில் சின்ன கோர் கொஞ்சம் இருக்குல்லா, அதுதான் இழுத்துப் பிடிக்குது. பயாஸில் போய் ஆஃப் பண்ணிரு, ரெண்டர் பறக்கும்."

அந்த வைத்தியம் தப்பு. நோய் நிஜம். இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் நோயைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். உங்களில் பலர் வைத்திருப்பது ஐ5-1235யு போட்ட லேப்டாப். விண்டோஸ் 11-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு படத்தின் மேல் வலது கிளிக் செய்து, 'லாஜிக்கல் பிராசசர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பன்னிரண்டு கட்டங்கள் வரும். முதல் நான்கு கட்டங்கள் இரண்டு வேகக் கோர்களுடையவை. ஹைப்பர்த்ரெடிங் இருப்பதால் ஒவ்வொரு கோரும் இரண்டு கட்டமாகத் தெரியும். மிச்சம் எட்டும் எட்டுச் சின்னக் கோர்கள். இப்போது ஏதாவது ஒரு டைம்லைனை சிபியு வழியாகவே எக்ஸ்போர்ட்டுக்குப் போடுங்கள். பன்னிரண்டும் நிரம்பி மேலே முட்டும். அப்படியே ஓடவிட்டு, எக்ஸ்போர்ட் ஜன்னலை மினிமைஸ் செய்துவிட்டு ஆல்பம் டிசைனைத் திறந்து உட்காருங்கள். பவர் மோட் 'பேலன்ஸ்ட்' என்று இருந்தால், பல மென்பொருள்களில் முதல் நான்கு கட்டங்களும் பொத்தென்று சரிவதைப் பார்க்கலாம். ரெண்டர் முழுக்க எட்டுச் சின்னக் கோரின் தலையில் விழுந்திருக்கும். ஜன்னலை மறுபடி முன்னால் கொண்டுவந்தால் நான்கும் நிமிரும். எல்லா மென்பொருளிலும் எப்போதும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2021 நவம்பரில் இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை வந்ததிலிருந்து வீடியோ மாற்றும் வேலை செய்பவர்கள் உலகமெங்கும் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

இது பழுதில்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இந்த மாதிரிச் சிபியுவுக்குள் இரண்டு வகைக் கோர்கள் உண்டு. பி-கோர் வேகமானது, கரண்டை விழுங்கும். இ-கோர் மெதுவானது, இடமும் மின்சாரமும் குறைவாக எடுக்கும். எந்த வேலையை எதில் ஓடவிடுவது என்பதை நீங்களோ எடிட்டிங் மென்பொருளோ தீர்மானிப்பதில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் இருக்கும் ஷெட்யூலர் என்ற பகுதிதான் ஒவ்வொரு கணமும் தீர்மானிக்கிறது. அதற்கு உங்கள் தொழில் தெரியாது, கல்யாணத் தேதி தெரியாது. அதனால் ஒரு ஊகத்தில் ஓடுகிறது: யார் ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அவர்தான் முக்கியம், மினிமைஸ் ஆனது அவசரமில்லாதது, அவசரமில்லாததைச் சின்னக் கோரில் ஓடவிட்டால் பேட்டரி மிச்சம். ஆபீஸில் உட்கார்ந்து மெயில் பார்ப்பவருக்கு இந்த ஊகம் பொன்னானது. நம் தொழிலில் நேர் எதிர். கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது வாட்ஸ்அப்பும் ஆல்பத்துக்கு எழுத்துரு தேடுவதும். பார்க்காமல் பின்னால் விட்டதுதான் சோறு போடுகிற வேலை.

ஊகத்தோடு கொஞ்சம் கணக்கும் உண்டு. 12-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் சிப்புக்குள் த்ரெட் டைரக்டர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையும் எந்த மாதிரிக் கட்டளைகளைப் போடுகிறது என்று வன்பொருளே கவனித்து, ஒரு வகைக்குள் சேர்த்து, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குக் குறிப்புக் கொடுக்கும். வெக்டர் கணக்கு நிறையப் போடுவது ஒரு வகை. அது பி-கோரில் போனால் நல்ல லாபம். வெறுமனே காத்துக்கொண்டு சுற்றுவது இன்னொரு வகை; அதை பி-கோரில் வைப்பது வீண். இந்தக் குறிப்பை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தது விண்டோஸ் 11. விண்டோஸ் 10-இல் இந்தச் சிப்பைப் போட்டுவிட்டு "மெதுவா இருக்கு" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறீர்கள். அதற்கான ஆதரவே 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

த்ரெட் டைரக்டர் கொடுப்பது குறிப்பு மட்டுமே. கடைசி வார்த்தை ஷெட்யூலருடையது. 'பின்னால் இருக்கிறது, அவசரமில்லை' என்று விண்டோஸ் ஒரு முத்திரை குத்திவிட்டால், சிப் எவ்வளவு நல்ல குறிப்புக் கொடுத்தும் பிரயோஜனமில்லை. ஆப்பிள்காரர்கள் இதில் இன்னும் கறார். 2020-இல் வந்த எம்1-இலிருந்து, 'பேக்ரவுண்ட்' என்று மென்பொருள் எழுதியவரே முத்திரை குத்திய வேலை, வேகக் கோர்கள் நான்கும் சும்மா கிடந்தாலும் சின்னக் கோரைவிட்டு மேலே ஏறாது.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். சின்னக் கோரை பயாஸில் அணைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் அதற்கும் ஒரு கதை உண்டு. 12-ஆம் தலைமுறை வந்த புதிதில் சில விளையாட்டுகளின் திருட்டுத் தடுப்புப் பூட்டு, பி-கோரில் ஆரம்பித்த விளையாட்டு இ-கோருக்கு நகர்ந்ததும் 'இது வேறு கம்ப்யூட்டர்' என்று நினைத்து மூடிக்கொண்டது. அதற்காக மதர்போர்டுகளில் ஒரு வசதி கொடுத்தார்கள். பயாஸில் அதைத் திறந்துவைத்தால், கீபோர்டில் யாரும் சீந்தாமல் கிடந்த ஸ்க்ரோல் லாக் பட்டனை அழுத்தி இ-கோர்களை ஓரம்கட்டலாம். அந்தப் பட்டனுக்கு இந்த ஜென்மத்தில் கிடைத்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும். விளையாட்டுக்காரர்கள் தற்காலிகமாகச் செய்தது, கை மாறிக் கை மாறி நம்மூர் ஸ்டுடியோவுக்குள் நிரந்தர வைத்தியமாக நுழைந்துவிட்டது.

1235யு-வில் எட்டுச் சின்னக் கோரையும் அணைத்தால் மிஞ்சுவது இரண்டே இரண்டு கோர். ஒரு இ-கோர் தனியாக பி-கோருக்கு ஈடாகாது, சரி. ஆனால் எக்ஸ்போர்ட் என்பது பல துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் செய்யக்கூடிய வேலை. எட்டும் சேர்ந்தால் அந்த இரண்டையும் மிஞ்சும். அதிலும் இந்தச் சிப் அடிப்படையில் 15 வாட்டுக்கு வடிவமைத்தது. கொஞ்ச நேரத்துக்கு 55 வாட் வரை எகிறும், பிறகு சூடு தாங்காமல் இறங்கிவிடும். மே மாதம் பாறசாலையில் ஃபேன் மட்டும் ஓடுகிற ரூமில் பி-கோர்கள் நீண்ட நேரம் உச்சத்தில் நிற்காது. குறைந்த கரண்டில் நிதானமாக ஓடுகிற சின்னக் கோர்கள்தான் மணிக்கணக்கான எக்ஸ்போர்ட்டை இழுத்துக்கொண்டு போகின்றன. அவற்றை அணைப்பது சம்பளம் குறைவாக வாங்குகிற எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்புகிற காரியம்.

வரிசையையும் கவனியுங்கள். வேலை வரும்போது ஷெட்யூலர் முதலில் பி-கோர்களை நிரப்பும். அவை நிரம்பினால், அடுத்து இ-கோர்களுக்குப் போகும். பி-கோரில் ஹைப்பர்த்ரெடிங்கால் கிடைக்கும் இரண்டாவது இடத்தைக் கடைசியாகத்தான் தொடும். ஏனென்றால் அந்த இரண்டாவது இடம் தனிக் கோர் கிடையாது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவரோடு பங்கு போடுவது. காலியாக இருக்கும் முழு இ-கோர் அதைவிட மேல். விண்டோஸும் லினக்ஸும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான் யோசிக்கின்றன. 'செட் அஃபினிட்டி'யில் போய் முதல் நான்கு கட்டத்தை மட்டும் டிக் செய்கிறவர்கள் இந்த ஒழுங்கைக் குலைக்கிறார்கள். வேகக் கோரில் பூட்டிவிட்டோம் என்று நினைப்பு. நடப்பது என்னவென்றால் இரண்டு கோருக்குள் எல்லோரையும் நெரித்து உட்காரவைத்து, எட்டு இருக்கையைக் காலியாக விடுவது.

லினக்ஸ் என்றதும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்த ஊர்ப் பள்ளிகளில் தமிழ் மீடியத்தில் படித்தவனும் மலையாளம் மீடியத்தில் படித்தவனும் கம்ப்யூட்டர் என்று முதலில் தொட்டது லினக்ஸைத்தான். கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்குக் கொடுக்கும் கைட் க்னூ லினக்ஸ் 22.04, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. லிட்டில் கைட்ஸ் கிளப்பில் கேடென்லைவ் வைத்து வீடியோ வெட்டப் பழகிய பையன்கள் சிலர் இப்போது உங்கள் ஸ்டுடியோவில் மிக்சிங் செய்கிறார்கள். அவர்களுக்காக உள்ளே கொஞ்சம் ஆழமாகப் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கையில் இருக்கும் போனும் இதே கணக்கில்தான் ஓடுகிறது.

ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். பெரிய கோரும் சின்னக் கோரும் கலந்த சிப் முறையை ஏஆர்எம் நிறுவனம் 2011 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. இன்டெல்லுக்குப் பல வருஷம் முன்னால். அதற்கு ஏற்ற ஷெட்யூலிங் முறை, மின்சாரத்தையும் கணக்கில் எடுப்பது, லினக்ஸின் மூலக் கெர்னலுக்குள் முறைப்படி சேர்ந்தது 2019 மார்ச்சில் வந்த 5.0-இல்தான். அந்த முறையில் இருப்பதிலேயே பெரிய கோரின் திறன் 1024 என்று வைத்துக்கொள்வார்கள். சின்னக் கோரின் திறன் 400 என்று இருக்கட்டும். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு உழைக்கிறது என்பதற்கும் அதே அளவுகோலில் ஒரு எண் உண்டு. 150 அளவு உழைக்கிற பாட்டு பிளேயர் சின்னக் கோரில் தாராளமாக அடங்கும். கோரின் திறனில் சுமார் 80 சதவீதம் வரைக்கும்தான் 'அடங்கும்' என்று ஒப்புக்கொள்வார்கள். மிச்சம் மூச்சுவிட இடம். ஆக 400-இல் 320. ஒரு வேலை 350-க்கு ஏறிவிட்டால் பெரிய கோருக்குத் தூக்கிவிட வேண்டியதுதான். அடங்குகிற கோர்கள் பல இருந்தால், எதில் வைத்தால் மொத்த மின்செலவு குறையும் என்று பார்த்து அங்கே வைக்கும்.

இதில் ஒரு நுணுக்கம், எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த உழைப்பு எண்ணை எப்படிக் கணக்கிடுகிறது? பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டே. 32 மில்லிசெகண்டுக்கு முன் செய்த உழைப்புக்குப் பாதி மதிப்பு, அதற்கும் 32 மில்லிசெகண்டு முன்னால் செய்ததற்குக் கால்வாசி. அதனால் இவ்வளவு நேரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஆப், நீங்கள் தொட்டதும் திடீரென்று எழுந்தால், அதன் எண் உடனே ஏறாது. போன் திரை செகண்டுக்கு 60 தடவை மாறுகிறது என்றால், ஒரு படத்துக்குச் சுமார் 16.7 மில்லிசெகண்டு. எண் ஏறி, பெரிய கோருக்குப் போவதற்குள் இரண்டு மூன்று படம் தவறிப்போகும். விரலுக்குத் திக்கலாகத் தெரியும். அதனால்தான் ஆண்ட்ராய்டு தன் பங்குக்கு ஒரு சிபாரிசு செய்கிறது: இப்போது திரையில் முன்னால் இருக்கிற ஆப் இது, எண் ஏறும்வரை காத்திருக்காதே என்று. பின்னால் போன ஆப்புகளைத் தனிக் கூட்டமாக்கிச் சின்னக் கோர்களின் பக்கம் ஒதுக்கிவிடுகிறது. போனில் ரீல்ஸ் எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு வேறு ஆப்புக்குப் போனால் இழுக்கிறதே, அதன் ரகசியமும் இதுதான்.

கண் முன்னால் இருப்பவரைக் கவனிப்பதா, எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவதா என்ற சண்டை லினக்ஸில் பழையது. ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து டாக்டராக இருந்த கான் கோலிவாஸ், ஓய்வு நேரத்தில் ஷெட்யூலர் எழுதிக்கொண்டிருந்தார். பெரிய சர்வர்களை மட்டும் பார்க்கிறீர்கள், மேசையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆளைக் கவனிப்பதில்லை என்பது அவர் வழக்கு. 2007-இல் அவர் எழுதியதன் யோசனையை ஒப்புக்கொண்டு, ஆனால் அவருடைய நிரலை எடுக்காமல், இங்கோ மோல்நார் புதிதாக ஒன்று எழுதினார். அதுதான் கெர்னலுக்குள் போய் பதினாறு வருஷம் உலகத்தையே ஓட்டியது. கோலிவாஸ் மனசு வெறுத்து ஒதுங்கினார், பிறகு 2009-இல் இன்னொன்றோடு வந்தார், அதையும் கெர்னலுக்குள் சேர்க்கவில்லை. 2023 அக்டோபரில் வந்த 6.6-இல் மோல்நாருடையதன் மையக் கணக்கையும் மாற்றி, 1995-லேயே இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதிவைத்த ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு வருஷம் மோதியும் தீராத கேள்விக்கு, பயாஸில் ஒரு பட்டனை அமர்த்தி விடை கண்டுவிட்டதாக நாம் நினைக்கிறோம்.

கோர்களும் பஸ் மாதிரித்தான். நெய்யாற்றின்கரை டெப்போவில் சூப்பர் ஃபாஸ்டும் நிற்கும், ஆர்டினரியும் நிற்கும். ஊர் ஊராக நிறுத்தி ஆளேற்றுகிற ரூட்டில் சூப்பர் ஃபாஸ்டை விட்டால் டீசல்தான் செலவாகும், நேரம் மிஞ்சாது. சூப்பர் ஃபாஸ்ட் போக வேண்டிய திருவனந்தபுரம் ரூட்டிலோ ஆள் காத்து நிற்கும்.

அப்படியானால் என்ன செய்வது? ஷெட்யூலர் தப்பாக ஊகித்தால், ஊகத்தைத் திருத்துங்கள். கோரைக் கொல்லாதீர்கள்.

எக்ஸ்போர்ட் ஓடும்போது அந்த ஜன்னலை மினிமைஸ் செய்யாதீர்கள். இரண்டாவது மானிட்டர் இருந்தால் அதில் தள்ளிவையுங்கள். சார்ஜர் குத்தியிருக்கட்டும், பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றுங்கள். பின்னால் போன வேலையைச் சின்னக் கோரில் அடைக்கும் கறார் அதில் தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறினால் விண்டோஸ் அதற்குரிய மோடுக்குத் தானாகவே போய்விடும். கரண்ட் வந்ததும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிரையாரிட்டியை 'அபோவ் நார்மல்' வரை ஏற்றலாம். 'ரியல்டைம்' வேண்டாம், மவுஸே நகராமல் உட்கார்ந்துவிடும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, ஏனோ யாரும் செய்வதில்லை. உங்கள் வேலையை மேலே தூக்குவதற்குப் பதில், குறுக்கே நிற்பவர்களைக் கீழே இறக்குங்கள். டாஸ்க் மேனேஜரில் பிரவுசரையும், கிளவுடில் ஃபோட்டோ ஏற்றுகிற மென்பொருளையும் வலது கிளிக் செய்து 'எஃபிஷியன்சி மோட்' கொடுங்கள். பக்கத்தில் பச்சை இலை முளைக்கும். அந்த வேலைகள் தாங்களாகவே இ-கோர் பக்கம் ஒதுங்கும், வேகக் கோர்கள் ரெண்டருக்குக் காலியாகும். ஷெட்யூலரின் கையைக் கட்டாமல் அதற்கு உண்மையைச் சொல்வது இதுதான். லினக்ஸில் மிக்சிங் செய்யும் தம்பிகளுக்கு இதே காரியத்துக்கு 'நைஸ்' கட்டளை இருக்கிறது, -20 முதல் 19 வரை. எண் கூடக்கூட அந்த வேலை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கும். 'டாஸ்க்செட்' வைத்துப் பூட்டுவது அதற்கும் பிறகுதான், அதுவும் அளந்து பார்த்துவிட்டு.

கோரின் மேல் பழி போடும் முன் இன்னொன்றையும் பாருங்கள். டைம்லைனில் இழுக்கும்போதே திக்கினால், பல நேரம் குற்றம் ஷெட்யூலரில் இருக்காது. புது மிரர்லெஸ் கேமராக்களில் 4:2:2, 10 பிட், எச்.265-இல் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். அதை விரிப்பதற்கு இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸில் 11-ஆம் தலைமுறையிலிருந்து தனி வசதி இருக்கிறது. என்விடியா கார்டுகளுக்கு அது 2025-இல் வந்த 50 வரிசையில்தான் கிடைத்தது. ஐநூறு ஆயிரம் மிச்சம் பிடிக்க, பெயரின் கடைசியில் 'எஃப்' போட்ட பிராசசரை வாங்கினால் அதில் உள் கிராஃபிக்ஸே இருக்காது. பிறகு அந்த விரிக்கிற பாரம் முழுவதும் சிபியுவின் தலையில். எந்தக் கோரைத் திறந்தாலும் மூடினாலும் அது தீராது.

கடைக்காரர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். '10 கோர் லேப்டாப்' என்று போர்டு எழுதி விற்கிறீர்கள். 1235யு-வில் பத்துக் கோர் இருப்பது உண்மை. அதில் வேகமானது இரண்டு. ஐ3-1215யு ஆறு கோர், அதிலும் வேகமானது அதே இரண்டு. மேசைக் கணினிக்கான ஐ5-12400-இல் ஆறு கோர்தான், ஆறும் வேகக் கோர், சின்னது ஒன்றுகூட இல்லை. என்100 போட்ட குட்டிப் பெட்டியில் நான்கு கோர், நான்கும் சின்னது. எண்ணை மட்டும் பார்க்கிறவர் பத்தை எடுத்துக்கொண்டு ஆறை விட்டுவிட்டுப் போகிறார். ஆல்பம் மட்டும் செய்கிறவருக்கு அதில் நஷ்டமில்லை. நாள் முழுக்க 4கே டைம்லைனில் கிடக்கிறவருக்கு நஷ்டம், ஏனென்றால் டைம்லைனை இழுக்கும்போது பெரும்பாலும் காத்திருக்க வைப்பது ஒற்றைக் கோரின் வேகம். போனுக்கும் இதே கதைதான். 'ஆக்டா கோர்' என்ற ஒரே பெயரில் எட்டும் சின்னக் கோராக இருப்பதும் விற்கிறது, இரண்டு பெரியதும் ஆறு சின்னதும் கொண்ட ஹீலியோ ஜி85-உம் விற்கிறது.

கொட்டேஷனில் கோர் என்று எழுதும் இடத்தில் 10 என்று எழுதாமல் 2+8 என்று எழுதுங்கள். 2+4, 6+0, 0+4 என்று அப்படியே எழுதுங்கள். "இது என்ன கூட்டல்?" என்று கேட்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்பைத் திறந்து, அந்தப் பன்னிரண்டு கட்டங்களைக் காட்டிவிட்டு, பிறகு விலையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர்களைக் கழற்றி மாட்டுகிற, இஞ்சிவிளைக்காரன் ஒருவன்